மதுரைக்கு எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம் என்று ரயிலில் டிக்கெட் பார்க்கிறவரைக் கேட்டால் 490 கிலோமீட்டருக்குச் சற்று மேலே என்பார். லாரி ஓட்டுகிற அண்ணனைக் கேட்டால் 460 என்பார். விமானியைக் கேட்டால் 420 என்பார். மூன்று பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். வைகை எக்ஸ்பிரஸில் ஏழரை மணி நேரத்தை ஒட்டி. அதே தண்டவாளத்தில் ஓடும் வந்தே பாரத்தில் ஆறு மணி நேரத்துக்குள். காரில் ஏழு மணி நேரம். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கடைசிப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கிற விமானம் 420 கி.மீ. தூரத்தை அரை மணி நேரத்தில் கடந்துவிட வேண்டுமே! மீதி முக்கால் மணி நேரம் எங்கே போனது? அதைத்தான் இன்று தேடப் போகிறோம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் அந்த 420 எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் சமூக அறிவியல் பாடத்தில் வருகிற அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும், நீங்களே போட்டுவிடலாம். சென்னை 13.08 டிகிரி வடக்கு, 80.27 டிகிரி கிழக்கு. மதுரை 9.93 டிகிரி வடக்கு, 78.12 டிகிரி கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் 3.15 டிகிரி. கிழக்கு மேற்காக 2.15 டிகிரி.

ஒரு டிகிரி என்பது எத்தனை கிலோமீட்டர்? இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1790-களில் மீட்டர் என்ற அளவை உருவாக்கியபோது, துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 10,000 கி.மீ. அது 90 டிகிரி. வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால், நம் ஊர்ப் பக்கம் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி 109 கி.மீ.தான்.

இனிப் பெருக்குங்கள். தெற்கே 350 கி.மீ., மேற்கே 234 கி.மீ. இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு இழுத்த நேர்கோடு அதன் கர்ணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 421 வருகிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துவிட்டீர்கள்!

ஆனால் இந்த அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் துல்லியமாகக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இந்தியாவில் அந்தப் பெரிய அளவீடு தொடங்கியது நம் சென்னையில்தான். இன்றைக்கு விமானங்கள் வந்திறங்குகிற மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே பரங்கிமலை, அங்கே 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தரையில் ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் சுமார் 12 கி.மீ. அளவுகோல், 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. சித்திரை வெயில் வேறு. எஃகு சூட்டில் நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அந்தச் சங்கிலி 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நீளும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதே சங்கிலியை 12 கி.மீ. வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போனால் பிழை சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே அளந்தார்கள்.

அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, மற்ற ஊர்களின் தூரத்தை முக்கோணங்கள் மூலம் கணக்கிட்டார்கள். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களை அளக்காமலேயே சொல்லிவிடலாம் அல்லவா? கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கருவி. தொலைவில் உள்ள இடங்கள் தெரிய வேண்டுமே என்று மலை உச்சிக்கும், மலையில்லாத இடங்களில் கோபுரத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தன் கையாலேயே சரிசெய்தார். இன்று செல்போனில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் வந்து நிற்கிற எண்ணுக்குப் பின்னால் வெயிலில் சங்கிலி தூக்கியவர்களும் கோபுரத்தில் கருவி ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர்கள் வரலாற்றில் பதிவாகவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, நேர்கோடு 420 என்றால் சாலை ஏன் 460? சாலை ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வளைகிறது. பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என்று ஆறுகள் குறுக்கிடுகின்றன. பாலம் கட்ட வசதியான இடம் பார்த்துத்தான் கடக்க முடியும். இத்தனைக்கும் பிறகு 40 கி.மீ.தான் கூடியிருக்கிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழி நெடுகப் பெரும்பாலும் சமவெளி என்பதால் கிடைத்த லாபம் இது. ரயில்பாதை விருத்தாசலம், அரியலூர், திண்டுக்கல் என்று வேறு வழியில் சுற்றிப் போவதால் இன்னும் 30 கி.மீ. கூடுகிறது.

எல்லா ஊர்களுக்கும் இந்த லாபம் கிடைப்பதில்லை. வரைபடத்தில் கொல்கத்தாவையும் திரிபுராவின் தலைநகர் அகர்தலாவையும் பாருங்கள். நேர்கோட்டில் சுமார் 330 கி.மீ. விமானத்தில் ஒரு மணி நேரம். அதுவே இந்திய மண்ணுக்குள்ளேயே சாலையில் போக வேண்டும் என்றால் 1,500 கி.மீ.க்கு மேல்! நடுவில் வங்கதேசம் என்ற வேறொரு நாடு இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே சிலிகுரி வரை ஏறி, அங்கிருந்து குவாஹாட்டி போய், மறுபடி தெற்கே இறங்க வேண்டும். 1947-க்கு முன்பு அகர்தலாக்காரர்கள் பக்கத்தில் உள்ள அகௌராவில் ரயிலேறிக் கொல்கத்தாவுக்குப் போய்வந்தார்கள். நாட்டைப் பிரித்தபோது எல்லைக்கோடு நடுவில் விழுந்தது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. பாதைதான் நீண்டுவிட்டது. டாக்கா வழியாகப் போனால் இன்றைக்கும் 500 கி.மீ.தான் வரும், ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும்.

மலை என்றால் இன்னொரு விதமான சுற்று. கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவிருக்கும். கீழிருந்து பார்த்தால் உச்சி இதோ இருக்கிறதே என்று தோன்றும், பஸ்ஸோ வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருக்கும். நேராகப் பாதை போட்டால் செங்குத்தாக இருக்கும். எஞ்சின் இழுக்காது, இறங்கும்போது பிரேக் தாங்காது. வண்டிகள் சிரமமில்லாமல் ஏறி இறங்க, 20 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயர்கிற மாதிரி சரிவு இருந்தால் நல்லது. அப்படியானால் 1 கி.மீ. உயரம் ஏறுவதற்கு 20 கி.மீ. நீளப் பாதை வேண்டும். ஒரே மலைச்சரிவில் 20 கி.மீ. பாதையை எங்கே வைப்பது? மடித்து மடித்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு. இந்த 'இருபதுக்கு ஒன்று' கணக்கை மறந்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வானத்திலும் வரப்போகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். இங்கே ஒரு புதிர் போடுகிறேன். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கி.மீ. காரில் போகும்போது, சராசரியாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் திட்டம் போடுகிறார். வழியில் மழை. பாதித் தூரமான 230 கி.மீ. வரை மணிக்கு 40 கி.மீ.தான் போக முடிந்தது. மீதிப் பாதியை எந்த வேகத்தில் போனால் சராசரி 80 ஆகும்?

120 என்று பலர் சொல்வார்கள். 40-ஐயும் 120-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 80 வருகிறது அல்லவா? இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள். 460 கி.மீ.யை 80-ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம். அதுதான் மொத்தப் பயணத்துக்கும் அவரிடம் இருந்த நேரம். முதல் பாதி 230 கி.மீ.யை 40-ஆல் வகுங்கள். அதுவும் ஐந்தே முக்கால் மணி நேரம்! நேரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. மீதிப் பாதியை ஜெட் விமானத்தில் பறந்தாலும் சராசரி 80-ஐ எட்ட முடியாது.

பயண நேரத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. மெதுவாகப் போகும் பகுதியில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். வேகமாகப் போகும் பகுதி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதனால் மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மெதுவான பகுதிதான்.

சாலையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னை நகருக்குள் புறப்பட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டின் நெரிசலைத் தாண்டிச் செங்கல்பட்டை அடைகிற வரை ஒரு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே சராசரி வேகம் 30. அதற்கே ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விடும். மீதி 410 கி.மீ. நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால் ஐந்து மணி எட்டு நிமிடம். மொத்தம் ஆறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியில் ஒரு காபி குடித்தால் ஏழு.

நெடுஞ்சாலையில் வேகத்தை 80-லிருந்து 100 ஆக்கினால் ஒரு மணி நேரம் மிச்சம். 100-லிருந்து 120 ஆக்கினால்? இன்னொரு மணி நேரம் கிடைக்காது, 41 நிமிடம்தான். ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம் 44 சதவீதம் கூடிவிடும். அந்த 41 நிமிடத்துக்காக 410 கி.மீ.யும் ஆபத்தோடு ஓட்ட வேண்டும். நகருக்குள் இருக்கிற அந்த 50 கி.மீ.யில் மட்டும் வேகம் 30-லிருந்து 60 ஆக முடிந்தால் 50 நிமிடம் மிச்சமாகும். சின்னத் துண்டில் நெரிசலைக் குறைப்பது, பெரிய துண்டில் பறப்பதைவிட அதிக நேரத்தைத் திருப்பித் தருகிறது.

தெற்கே போகும் பஸ்களுக்காக 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்ததற்கு நகர நெரிசலும் ஒரு காரணம். கோயம்பேட்டிலிருந்து ஊர்ந்து வெளியேறும் நேரம் பஸ்ஸுக்கு மிச்சம். ஆனால் வியாசர்பாடியில் இருக்கிற ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான் பயண நேரம் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் தொடங்கிப் போய்ச்சேரும் வாசலில் முடிகிற கணக்குதான் என்னைக் கேட்டால் நேர்மையான கணக்கு.

வந்தே பாரத் எப்படி வைகையை முந்துகிறது? அது நிற்கிற இடங்கள் குறைவு. ஒரு நிலையத்தில் இரண்டு நிமிடம் நின்றால் இழப்பு இரண்டு நிமிடம் மட்டுமில்லை. நிற்பதற்காக வேகம் குறைவதிலும், கிளம்பிய பின் மீண்டும் வேகம் பிடிப்பதிலும் இன்னும் சில நிமிடங்கள் போகின்றன. வந்தே பாரத்தில் தனி எஞ்சின் கிடையாது. பல பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் பொருத்தியிருப்பதால் சட்டென்று வேகம் எடுக்கிறது. இங்கேயும் மெதுவான நிமிடங்களைக் குறைத்துத்தான் வெற்றி.

இப்போது விமானத்துக்கு வரலாம், நாம் தேடிய முக்கால் மணி நேரம் அங்கேதான் இருக்கிறது.

விமான நேரம் என்று அட்டவணையில் போடுவது, நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அடுத்த ஊரில் போய் நிற்கிற வரை. முதலில் அது ஓடுபாதைக்கு மெதுவாக உருண்டு போகிறது. முன்னால் வேறு விமானங்கள் இருந்தால் வரிசையில் நிற்கிறது. சென்னையின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் பெரிய வெள்ளை எண்கள் இருக்கும். அவை திசையைக் குறிப்பவை. வடக்கிலிருந்து வலப்பக்கமாக 70 டிகிரி திரும்பினால் வருகிற திசை 07, கிட்டத்தட்டக் கிழக்கு. 250 டிகிரி திரும்பினால் 25, கிட்டத்தட்ட மேற்கு. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம்.

விமானங்கள் எதிர்க்காற்றில்தான் கிளம்பும். இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம்தான் விமானத்தைத் தூக்குகிறது. எதிரே மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அந்த 30 இலவசமாகக் கிடைக்கிறது, அவ்வளவு குறைவாகத் தரையில் ஓடினால் போதும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது விமானங்கள் கடலை நோக்கிக் கிளம்புகின்றன. மதுரை இருப்பதோ தென்மேற்கே! ஆகவே மதுரை விமானமும் முதலில் வேறு பக்கம் பறந்து, உயர்ந்து, வளைந்து திரும்பித்தான் வழிக்கு வரும். இறங்கும் ஊரிலும் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர இப்படி ஒரு சுற்று இருக்கலாம். வானத்தில் கோடு நேராக இருந்தாலும் அதன் இரண்டு முனைகளும் வளைந்தே இருக்கின்றன.

அடுத்து உயரம். தரைக்கு அருகே காற்று அடர்த்தி, விமானத்தைப் பிடித்து இழுக்கும். 9 கி.மீ. உயரத்தில் அடர்த்தி தரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. அதனால்தான் அங்கே வேகமாகவும் சிக்கனமாகவும் பறக்க முடிகிறது. ஆனால் அங்கே ஏறிப்போக வேண்டுமே! ஜெட் விமானம் ஏறி முடிப்பதற்குள் 200 கி.மீ. அளவுக்குப் போய்விடும். இறங்குவது எப்படி? வழக்கமாக 3 டிகிரி சரிவில். 3 டிகிரி என்பது ஏறக்குறைய 'இருபதுக்கு ஒன்று'. மலைப்பாதையில் பார்த்த அதே கணக்கு! 9 கி.மீ. உயரத்திலிருந்து இறங்க 170 கி.மீ.க்கு மேல் தேவை. ஏற 200, இறங்க 170 என்றால் சென்னை மதுரைக்கு நடுவே மீதி இருப்பது 50 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. என்ற அந்தப் பெருமைக்குரிய வேகத்தில் விமானம் சமமாகப் பறப்பது நான்கு நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் வேகம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருக்கிறது. மூன்று கி.மீ. உயரத்துக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று விதியும் உண்டு. முக்கால் மணி நேரம் போன இடம் தெரிந்துவிட்டதா?

இதே காரணத்தால்தான் இப்படிப்பட்ட குறுகிய வழிகளில் ஏ.டி.ஆர். போன்ற விசிறி விமானங்களும் ஓடுகின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ.தான். ஜெட்டைவிட வெகு மெதுவு என்று தோன்றும். ஆனால் ஜெட் தன் முழு வேகத்தைக் காட்டவே இங்கே இடமில்லை என்பதால் போய்ச்சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. எரிபொருளும் மிச்சம்.

தூரம் அதிகமாகும்போது காற்றும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. விமானம் காற்றுக்குள் பறக்கிறது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால், ஆற்று வெள்ளத்தில் போகும் பரிசலைப் போல விமானத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஜப்பானின் ததேனோ வானிலை ஆய்வகத்தில் 1920-களில் வசாபுரோ ஓஈஷி என்பவர் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை மிக உயரத்தில் கிழக்கே அடித்துச்செல்லப்படுவதைக் கண்டார். இன்று ஜெட் காற்றோட்டம் என்கிறோமே, அதுதான். உலகத்தார் எல்லோரும் படிக்க வேண்டும் என்று அவர் அதை எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் எழுதி வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அவருடைய கண்டுபிடிப்பு வெளியுலகுக்குத் தெரியாமலே பல காலம் கிடந்தது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த ஒரு விமானம் புயலால் வலுத்த இந்தக் காற்றோட்டத்தோடு சேர்ந்து, ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முன்பு அட்லாண்டிக் பக்கமாக, மேற்கு நோக்கிப் பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கிப் பறந்து பார்த்தார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. அதிகம். நேரமோ குறைந்தது! எதிர்க்காற்றை விட்டுவிட்டு, பின்னாலிருந்து தள்ளும் காற்றைப் பிடித்ததால் கிடைத்த பலன்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்றால் இரண்டும் சமமாகிவிடுமா? கணக்குப் போடுவோம். 1,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 800, காற்றின் வேகம் 100. போகும்போது 700-இல் பறந்து 86 நிமிடம். வரும்போது 900-இல் பறந்து 67 நிமிடம். மொத்தம் 153. காற்றே இல்லாவிட்டால் போக 75, வர 75, மொத்தம் 150. எப்படிப் பார்த்தாலும் காற்று கொஞ்சம் நேரத்தைத் தின்றுவிடுகிறது. மழையில் சிக்கிய அந்தக் கார்க்காரரின் கதைதான் இதுவும். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். பூமிதான் சுற்றுகிறதே, ஹெலிகாப்டரில் ஏறி அப்படியே அந்தரத்தில் நின்றால் வேறு ஊர் கீழே வந்துவிடாதா? அருமையான கேள்வி. சென்னையில் சும்மா நிற்கிற நாமும் பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே வருகிறது, அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரும் கூடவே வருகிறது. காற்று மட்டும் வராமல் நின்றுவிட்டால் 1,600 கி.மீ. வேகப் புயலில் ஒரு வீடுகூட மிஞ்சாது.

கடைசியாக ஒரு வரைபடம். கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தூரம், பக்கத்தில் நேரம். காருக்கான கோடு பூஜ்யத்தில் தொடங்கும், ஏனென்றால் ஏறி உட்கார்ந்ததும் கிளம்பிவிடலாம். 65 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று அது ஏறட்டும். விமானத்துக்கான கோடு பூஜ்யத்தில் தொடங்காது. விமான நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம், பாதுகாப்புச் சோதனைக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது, இறங்கி லக்கேஜ் எடுத்து வீடு போக ஒரு மணி நேரம் என்று நான்கு மணி நேரத்தில் அந்தக் கோடு தொடங்கும். அதன் பிறகு 700 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று மெல்ல மெல்ல ஏறும். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 290 கி.மீ.யில் வெட்டிக்கொள்ளும். அதற்குக் குறைந்த தூரம் என்றால் காரில் போகிறவர் முதலில் போய்ச் சேருவார். சென்னையிலிருந்து வேலூருக்கு யாரும் விமானம் தேடாததற்குக் காரணம் இந்தப் புள்ளி. மதுரை இந்தப் புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. விமானம் ஜெயிக்கிறது, ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில்தான். டெல்லியோ வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே ரயிலில் ஒரு நாளைக்கு மேல் ஆகிற பயணத்தை விமானம் வாசலிலிருந்து வாசல் வரை ஏழு மணி நேரத்தில் முடித்துவிடும்.

இதே தாளில் ரயிலுக்கும் ஒரு கோடு போடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கட்டும், 85 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று ஏறட்டும். அது காரின் கோட்டை எங்கே வெட்டுகிறது, விமானத்தின் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். பிறகு விமானத்தின் நான்கு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்து, அதே தாளில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள். வெட்டும் புள்ளி எவ்வளவு தூரம் நகர்கிறது?